இலவச லேப்டாப்புக்கு எக்ஸ்பைரி தேதி உண்டா? மலைக்கு அந்தப் பக்கம் பதில் இருக்கிறது!

லினக்ஸ் இலவசம்தான். ஆனால் அப்டேட் எப்போது வரும், கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் அதைக் கொடுப்பது, ஸ்டெப்னி இல்லாத ஜீப்பை மலை ஏற்றி விடுவதற்குச் சமம்.

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு இனி வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் கதவை மூடிய நாள். பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் ஃபெயில்.

சென்னை ஐடி கம்பெனி ஊழியருக்கு இது வெறும் செய்தி. அலுவலக லேப்டாப்பை ஐடி டீம் பார்த்துக்கொள்ளும். போடிநாயக்கனூர் பக்கத்தில் இருக்கும் சிலமலை மாதிரியான ஊர்களில் கதை வேறு. விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில், அண்ணன் பயன்படுத்திய லேப்டாப்தான் தங்கைக்கு வரும். அது படுத்துவிட்டால், புதுசு வாங்குவது அடுத்த போனஸுக்குப் பிறகான பேச்சு.

அந்தத் தங்கைக்கு எல்லோரும் சொல்லும் ஒரே ஆலோசனை: “லினக்ஸ் போட்டுடு, ஃப்ரீதான்!” ஆலோசனை சரிதான், ஆனால் பாதிதான் சரி. எந்த லினக்ஸ்? அதற்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்? அப்டேட் போட்ட மறுநாள் வைஃபை வேலை செய்யாவிட்டால் யாரிடம் போய் நிற்பது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் உள்ள இடத்தில் கட்டற்ற மென்பொருள் நிலைத்திருக்கிறது. பதில் இல்லாத இடத்தில், எத்தனை லட்சம் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாலும் மெனுவில் ஒரு வரியாக மட்டுமே மிஞ்சுகிறது.

ஒரு ஓஎஸ் எப்படி ‘ரிலீஸ்’ ஆகிறது?

ஏலத்தோட்டம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. அதனால்தான் சில வாரங்களுக்கு ஒரு முறை, சுற்றுச் சுற்றாகப் பறிக்கிறார்கள். முற்றாத காயை உலர்த்தினால் சுருங்கிப்போகும், ஏலத்தில் விலை போகாது. ரொம்ப நாள் விட்டால் காய் வெடித்துவிடும். எப்போது பறிப்பது என்பதுதான் தொழிலே.

ஓஎஸ் வெளியீட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஓஎஸ் என்பது ஒரே மென்பொருள் கிடையாது. கெர்னல், பிரவுசர், எழுத்துரு, பிரிண்டர் டிரைவர் என ஆயிரக்கணக்கான பொதிகளின் தொகுப்பு. ஒவ்வொன்றையும் உலகின் ஒவ்வொரு மூலையில் யாரோ எழுதுகிறார்கள். எல்லாம் ஒரே நாளில் ‘முற்றாது’.

இதற்கு இரண்டு பெரிய குழுக்கள் இரண்டு வழிகளைத் தேர்ந்தெடுத்தன.

முதலாவது டெபியன். 1993-ல் தொடங்கிய தன்னார்வலர் திட்டம். அதன் கொள்கை எளிது: தயாரானால்தான் வெளியீடு. வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய பிழைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் சுருங்கும் வரை தேதி பேச மாட்டார்கள். தரம் கிடைத்தது, ஆனால் காத்திருப்பு நீண்டது. 2002 ஜூலையில் வந்த 3.0-க்குப் பிறகு, 3.1 வர 2005 ஜூன் ஆகிவிட்டது. பிறகு அவர்களே பாடம் கற்று, சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்ற தாளத்துக்கு வந்தார்கள். 12-வது பதிப்பு 2023 ஜூனில் வந்தது, 13-வது 2025 ஆகஸ்ட்டில்.

இரண்டாவது உபுண்டு. டெபியனிலிருந்தே கிளைத்தது. முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வந்தது. இது காலண்டர் பார்த்து நடக்கும் கட்சி: ஒவ்வொரு ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு பதிப்பு. பெயரிலேயே தேதி இருக்கும். 24.04 என்றால் 2024-ம் ஆண்டின் 4-வது மாதம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஏப்ரல் பதிப்பு மட்டும் ‘எல்டிஎஸ்’, அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு 5 ஆண்டுகள் அப்டேட் உண்டு. நடுவில் வரும் மற்ற பதிப்புகளுக்கு வெறும் 9 மாதம்தான்.

காலண்டர் பக்தர்களும் ஒரு முறை தேதியைத் தள்ளினார்கள். 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு, இன்னும் மெருகேற்ற வேண்டும் என்பதற்காக ஆறு வாரம் தள்ளிப்போனது. அதனால்தான் அது 6.04 ஆக இல்லாமல் 6.06 ஆனது. நிறுவனங்கள் பல வருஷம் நம்பி வைக்கப்போகும் பதிப்பு என்பதால் எடுத்த முடிவு அது.

‘ஃப்ரீஸ்’ என்றால் என்ன? தமிழுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பு ‘இனி புது வசதி எதுவும் சேர்க்கக் கூடாது, பிழை திருத்தம் மட்டும்’ என்று கதவைப் பூட்டுவார்கள். இதுதான் ஃப்ரீஸ். அடுத்த கட்டமாக, திரையில் தெரியும் வாக்கியங்களையும் பூட்டுவார்கள். பட்டனில் என்ன எழுதியிருக்கிறது, எச்சரிக்கையில் என்ன வாசகம் வருகிறது என எதையும் இதற்குப் பிறகு மாற்றக் கூடாது.

இந்தப் பூட்டு யாருக்காக? மொழிபெயர்ப்பாளர்களுக்காக. கடைசி நாள்வரை ஆங்கில வாசகம் மாறிக்கொண்டே இருந்தால், தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி என்ற கிச்சடித் திரைதான் பயனாளருக்குக் கிடைக்கும். தமிழ் மொழிபெயர்ப்பைச் செய்பவர்கள் பெரும்பாலும் ராத்திரி வேலை முடித்து வந்து உட்காரும் தன்னார்வலர்கள். அவர்களுக்குத் தேதி முன்கூட்டியே தெரிந்தால்தான் வேலை நடக்கும். ‘தமிழில் ஓஎஸ் சரியாக இல்லை’ என்ற புகாரின் வேர், சில நேரம் மொழியில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

அரை விநாடியில் பிடிபட்ட திருடன்

இவ்வளவு படிநிலை தேவையா, புதுசு வந்தால் உடனே கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். 2024 மார்ச் 29-ம் தேதியை நினைவில் வைத்துக்கொண்டால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் சோதனைக் கம்ப்யூட்டரில் ஒரு விநோதத்தைக் கவனித்தார். தொலைவிலிருந்து லாகின் செய்ய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. பெரும்பாலானவர்கள் ‘நெட் ஸ்லோ’ என்று விட்டிருப்பார்கள். அவர் தோண்டினார். கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்-இசட்’ என்ற சின்னக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், யாரோ திட்டமிட்டு ஒரு பின்வாசலை வைத்திருந்தது தெரியவந்தது. அதை வைத்தவர், சில ஆண்டுகளாக அந்தத் திட்டத்தில் நல்லபிள்ளையாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்தவர்.

உலகின் சர்வர்கள் தப்பியது எப்படி? அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளை வரை வந்திருந்தன, ஆனால் நிலையான பதிப்புக்குள் நுழையவில்லை. காத்திருக்கும் அறை காப்பாற்றியது. உபுண்டு தன் 24.04 பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, பொதிகளை மறுபடி தயாரித்தது. இறுதி வெளியீடு சொன்ன நாளில், ஏப்ரல் 25-ல் வந்துவிட்டது. காலண்டரில் கொஞ்சம் இடைவெளி விட்டுத் திட்டமிட்டதால்தான் இது முடிந்தது.

இதற்கு நேரெதிரான உதாரணமும் அதே ஆண்டில் நடந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்த அப்டேட்டை முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் சேதம் சின்னதாக முடிந்திருக்கும். பிழை எல்லோருக்கும் வரும். ஒரே நேரத்தில் எல்லோரிடமும் போய்ச் சேராமல் தடுப்பதுதான் திட்டமிடல்.

கட்டற்ற மென்பொருள் மட்டும் யோக்கியமா?

இல்லை. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, லெனோவோ உள்ளிட்ட சில நிறுவனங்களின் குறிப்பிட்ட மாடல் லேப்டாப்களில் பயாஸையே பாதித்தது. அமைப்புகளை மாற்றினாலும் சேமிக்க முடியவில்லை. சிலரால் யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யவும் முடியவில்லை. ஓஎஸ்ஸை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் தீராத வகைக் கோளாறு.

உபுண்டு என்ன செய்தது? டிசம்பரில் டவுன்லோடு இணைப்பையே எடுத்தது. காரணம் கெர்னலில் இருந்த ஓர் இன்டெல் டிரைவர் என்று கண்டுபிடித்து, அதை முடக்கி, ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியல், பயனாளர்களின் புகார், திருத்தம் எல்லாம் பொதுவெளியில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தது. கட்டற்ற மென்பொருளின் உண்மையான பலம் விலை பூஜ்யம் என்பதில் இல்லை. ‘என்ன தப்பு நடந்தது’ என்று கேட்கும் உரிமை பயனாளருக்கு இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

போடிமெட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் இடுக்கி மாவட்டம். அங்கே அரசுப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில் ஓடுவது லினக்ஸ்.

கேரளம் 2001-ல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. 2017-ல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பை எடுத்து, பள்ளிக்குத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து, பாடத்திட்டத்தோடு பொருத்தித் தன் சொந்தப் பதிப்பாக வெளியிடுகிறது கைட். உபுண்டு 18.04 வந்தது 2018 ஏப்ரலில். அதை அடிப்படையாகக் கொண்ட கைட் பதிப்பு வந்தது 2019-ல். அவசரமே படவில்லை. அடுத்து எடுத்தது 22.04-ஐ. நடுவில் வந்த ஒன்பது மாத ஆயுள் பதிப்புகள் பக்கம் போகவே இல்லை.

2019 வெளியீட்டின்போது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இது ஓடுவதாகவும், உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் கைட் கணக்கு சொன்னது. அந்தத் தொகையைவிட முக்கியமானது, கோளாறு வந்தால் கேட்க ஆள் இருப்பது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் டிரெய்னர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்கள் பள்ளிகளிலேயே இருக்கின்றன. பக்கத்து பெஞ்ச் பையனே முதல் ஹெல்ப்லைன்.

இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டியது. இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு, கேரளப் பாடநூல்கள் தமிழிலும் வருகின்றன. அதாவது, ஒரே தோட்டத்தில் வேலை பார்க்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்களில், மலைக்கு மேலே படிக்கும் பிள்ளை லினக்ஸில் தேர்வு எழுதுகிறது. கீழே படிக்கும் பிள்ளைக்கு லினக்ஸ் என்பது புத்தகத்தில் ஒரு பாடம்.

இந்தப் பக்கம் யாரும் முயலவே இல்லையா?

முயன்றார்கள், சொல்லப்போனால் பெரிதாகவே முயன்றார்கள். 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறி நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே 2007-ல் தான் ‘பாஸ் லினக்ஸ்’ முதல் பதிப்பும் வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. இந்தியாவின் ‘சொந்த ஓஎஸ்’ என்று சொல்லப்பட்டது சென்னையில் செய்த சரக்கு!

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அந்தத் திட்டம் அடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தது. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் 11-ம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்தில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் இடம்பிடித்தன.

லேப்டாப், ஓஎஸ், பாடம் என மூன்றும் இருந்தன. மூன்றையும் கட்டும் கயிறுதான் இல்லை. பாஸ் லினக்ஸில் அனோகா, அனூப், உன்னதி என்று புதுப் பதிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் பிளஸ் டூ முடித்த மாணவியின் லேப்டாப்பில் இருக்கும் பழைய பதிப்பை யார், எப்போது, எப்படிப் புதுசாக்குவது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரு முகவரி இல்லை. ஆன் செய்ததும் இரண்டு பெயர் வரும், பழகிய விண்டோஸைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். அந்த விண்டோஸ் 7-க்கும் 2020 ஜனவரி 14-ல் ஆதரவு முடிந்தது. கொடுத்த அன்று இரண்டு ஓஎஸ், கடைசியில் இரண்டுமே அநாதை.

“வேலைக்குப் போனா விண்டோஸ்தானே சார்?”

இந்த எதிர்க்கேள்வி நியாயமானது. அலுவலகங்களில் விண்டோஸ்தான் அதிகம், டேலி தெரிய வேண்டும், எக்செல் தெரிய வேண்டும். சிலமலையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ வேலை தேடிப் போகும் பிள்ளையை லட்சியத்துக்காகப் பரிசோதனை எலி ஆக்கக் கூடாது.

ஆனால் அதே பிள்ளை ஐடி பக்கம் போனால், கம்பெனி சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கெர்னலே லினக்ஸ்தான். தவிர, விண்டோஸா லினக்ஸா என்பது இங்கே இரண்டாவது கேள்வி. எதைக் கொடுத்தாலும் அது எதுவரை தாங்கும் என்பதே முதல் கேள்வி. விண்டோஸ் 10-க்கு நடந்தது அதைத்தான் காட்டியது. ஒரு நல்ல லேப்டாப்பின் ஆயுளை ஒரு நிறுவனத்தின் காலண்டர் முடித்துவைக்கிறது. லினக்ஸ் அந்த ஆயுளை நீட்டிக்கும் வழி, யாராவது அந்தக் காலண்டரைக் கையில் எடுத்தால்.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடப் போகிறீர்களா?

*எல்டிஎஸ் மட்டும்:* பதிப்பு எண்ணைப் பாருங்கள். 22.04, 24.04 போல இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் பதிப்பாக இருந்தால் எல்டிஎஸ். உபுண்டு 24.04-க்கு 2029 வரை வழக்கமான ஆதரவு உண்டு. டெபியனின் நிலையான பதிப்பும் நல்ல தேர்வு.

*போடும் முன் ஓட்டிப் பாருங்கள்:* யுஎஸ்பி டிரைவிலிருந்தே நேரடியாக ஓட்டலாம். வைஃபை, சவுண்டு, கேமரா, பிரிண்டர் நான்கையும் சோதியுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

*பேக்கப்:* சர்டிஃபிகேட் ஸ்கேன், ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் வேறு டிரைவில் இருந்தால்தான் கை வைக்க வேண்டும். ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்பதுதான் பல கண்ணீர்க் கதைகளின் முதல் வரி.

*அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆகவில்லையா?* பதறி ஃபார்மேட் செய்ய வேண்டாம். ஆன் செய்யும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் பட்டனை அழுத்தினால் ஒரு மெனு வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பழைய கெர்னல் இருக்கும். பல நேரம் அதுவே போதும்.

*ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்:* யூடியூபில் பார்த்த ஐந்து கமாண்டை வரிசையாக அடித்தால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

*கேட்கும்போது முழுசாகக் கேளுங்கள்:* ‘வொர்க் ஆகலை’ என்றால் பதில் வராது. லேப்டாப் மாடல், ஓஎஸ் பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினீர்கள், திரையில் வந்த பிழைச் செய்தியின் போட்டோ என்று நான்கையும் கொடுங்கள். 1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு, தமிழில் எழுதும் கணியம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு என்று தமிழ்நாட்டில் கேட்க இடம் இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது என்ன?

2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்தது. ரேம் எவ்வளவு, கம்பெனி எது என்ற விவாதம் நிறைய நடக்கிறது. கேட்க வேண்டியவை வேறு நான்கு.

ஒன்று, தேதி. ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர்: எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, எந்த மாதம் வரை அப்டேட்.

இரண்டு, படிப்படியான வெளியீடு. புதுப் பதிப்பு 38 மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் போகக் கூடாது. முதலில் சில கல்லூரிகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஒன்றாவது நெட் தடுமாறும் மலையடிவார ஊரில் இருக்க வேண்டும். ஃபைபர் இணைப்பு உள்ள சென்னைக் கல்லூரியில் பாஸானது தேனியில் பாஸாகும் என்று நினைப்பது தப்பு.

மூன்று, ஆள். போடிநாயக்கனூரிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டார மாணவர்களின் கோளாறுகளைத் தீர்க்கும் மையத்தை அந்த மாதிரிக் கல்லூரிகளில் வைக்கலாம். சரிசெய்து பழகும் பொறியியல் மாணவருக்கு அதைவிட நல்ல லேப் கிடையாது.

நான்கு, தமிழில் ஒரு பொதுப் பிழைப் பட்டியல். சிலமலை மாணவிக்கு வந்த பிரச்சினைக்கு உசிலம்பட்டியில் ஏற்கெனவே தீர்வு கிடைத்திருந்தால், அது அவள் போனில் தேடியதும் வர வேண்டும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, லேப்டாப் வாங்கும் செலவில் சிறு பங்குதான். வாங்குவதற்கு விழா எடுக்கலாம், போட்டோ எடுக்கலாம். பராமரிப்புக்கு விழா கிடையாது, அதனால்தான் அது எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறது.

மருந்து வாங்கினால் பட்டையைத் திருப்பி எக்ஸ்பைரி தேதி பார்க்க ஊருக்கே பழகிவிட்டது. லேப்டாப்பையும் அப்படித் திருப்பிப் பார்த்துக் கேட்கும் காலம் வர வேண்டும். கடையில் வாங்கினாலும் சரி, மேடையில் கொடுத்தாலும் சரி.